பழவேற்காட்டில் ‘பாடு’: ஒரு சொல்லும் ஒரு முறையும்

கடலோர மீன்வளம் பற்றிய அரசு ஆவணங்களில் ‘சமூகப் பங்கேற்பு’ என்னும் தொடர் இன்று பெருவழக்காகியுள்ளது. ஆள்பவர் வேறொருவர், சமூகம் அவருக்குத் துணை நிற்பது என்னும் பொருள் இத்தொடரில் அடங்கியிருக்கின்றது. மீனவர் தம் நீர்நிலையைத் தாமே ஆண்டமைக்குச் சான்றாக நிற்பதோ ‘பாடு’ என்னும் சொல். அச்சொல்லின் வழியே அம்முறையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

‘படு’ என்னும் வினையடியாகப் பிறந்த ‘பாடு’ மூன்று பொருள்களில் வழங்குகின்றது. வலையில் பட்டது மீன்பாடு, உழைத்தல் பாடுபடுதல், வலையிடும் இடமும் அவ்விடத்தில் ஒருவருக்கு உரிய முறையும் பாடே. இலங்கைத் தமிழில் ‘கரைவலைப்பாடு’ என்பர். பூநகரிப் பகுதியில் வலைப்பாடு என்னும் ஊரே உண்டு. கொச்சிக் காயலில் ஊன்றுவலைக்குரிய முறையும் இப்பெயரையே பெற்றுள்ளது.

பழவேற்காடு ஏரி, சிலிகாவிற்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர்க் காயலாகும். ஆந்திரமும் தமிழகமும் அதனைப் பகிர்ந்துகொள்கின்றன. கடலுக்கும் காயலுக்கும் இடையே இறால் பெயரும் முகத்துவாரப் பகுதியில் நல்ல இடங்கள் சில, வலைகளோ பல. எனவே பட்டினவர் குப்பங்கள் சில தமக்குள் முறை வகுத்துச் சீட்டுப் போட்டு இடங்களைச் சுழற்சியாகப் பகிர்ந்தன. இன்று நல்ல இடம் பெற்றவர் மறுமுறை வேறிடம் செல்வார். வலைகளின் எண்ணிக்கை இதனால் வரம்புக்கு உட்பட்டது, பூசல் குறைந்தது. மீறியவரை ஊர்ப் பஞ்சாயத்து தண்டித்தது.

இலங்கையில் நீர்கொழும்புக் காயலின் இத்தகைய சுழற்சி முறைக்கு 1958ஆம் ஆண்டு விதிகள் சட்ட ஏற்பளித்தன. தமிழகத்தின் 1983ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், கரையோரம் 3 கடல் மைல் அளவைப் பாரம்பரிய மீனவர்க்கு ஒதுக்கியது. எனினும் அதன் அடிப்படை அலகு கலத்திற்கான உரிமமே, ஊரின் முறை அன்று.

இறால் பண்ணைகள் பெருகியபோது பாட்டின் எல்லையும் புலனாயிற்று. பாடு நீருக்கு உரியது. பண்ணைகள் எழுந்ததோ கரை நிலத்தில். கழிவுநீர் நீர்நிலைகளைக் கெடுத்தது. உவர் நிலத்தடி நீரில் ஊறியது. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துள் அமைந்த இறால் குட்டைகளை அகற்றுமாறு தீர்ப்பளித்தது; மரபுவழிப் பண்ணைகளுக்கு விலக்கு அளித்தது. பின்னர் 2005ஆம் ஆண்டில் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. குட்டைகளுக்குப் பதிவு முறை ஏற்பட்டது. ஊருக்கு முறை ஏற்படவில்லை.

பாட்டினைக் குறையற்றதாகக் கொள்ளுதலும் பொருந்தாது. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்க்கு அதில் இடமில்லை. பாடு இல்லாத பிற மீனவர் வலையிட வந்தபோது மோதல்கள் எழுந்தன. உள்ளிருப்போர்க்குச் சமன்மை தந்த அதே முறை, வெளியிருப்போர்க்கு மதிலாயிற்று.

சிறு அளவு மீன்பிடிப்பிற்கென உணவு, வேளாண்மை அமைப்பு 2014இல் ஏற்ற வழிகாட்டு நெறிகள் வழக்காற்று உரிமைகளை மதிக்க வலியுறுத்துகின்றன. அவ்வாறு பாடு சட்டத்துள் இடம்பெறுமாயின், சீட்டில் யார் யார் பெயர் எழுதப்படும் என்பதையே முதற்கண் தீர்மானித்தல் வேண்டும். பாடுபடுவோர் அனைவர்க்கும் பாடு உண்டா என்பதே இங்கு எஞ்சும் வினாவாகும்.