நாக்கைக் குறிக்கும் சொல்: ஆப்பிரிக்க-ஆசியச் சொற்பிறப்பாய்வில் எழுத்துச்சான்றின் வரம்பு

காலத்தால் முந்திய எழுத்துச்சான்றே மூலவடிவத்துக்கு நெருக்கமானது என்னும் கருத்து சொற்பிறப்பாய்வில் பரவலாக உண்டு. ஆப்பிரிக்க-ஆசிய மொழிக்குடும்பத்தில் நாக்கைக் குறிக்கும் சொல் அக்கருத்தின் வரம்பைக் காட்டுகிறது.

செமிட்டியக் கிளையில் இச்சொல் அக்காடியத்தில் 'லிஷானு', எபிரேயத்தில் 'லாஷோன்', அரபியில் 'லிசான்' என வழங்குகிறது. ஈறுகளை நீக்கினால் லகரமும் அதனையடுத்த ஸ்/ஷ் ஒலியும் எஞ்சுகின்றன. பெர்பர் மொழிகளின் 'இலெஸ்' என்பதிலும் இவ்விணையே உள்ளது. ஆயின் பண்டை எகிப்திய எழுத்தில் இச்சொல் 'ந்-ஸ்' என்றே பொறிக்கப்பட்டுள்ளது. இதனை மட்டும் நோக்கின் எகிப்தியச் சொல் வேறு மூலத்தினது எனத் தோன்றும்.

எகிப்திய மொழியின் இறுதிநிலையாகிய காப்டிக், கிரேக்க நெடுங்கணக்கைத் தழுவி எழுதப்பட்டது. அதில் இச்சொல் 'லஸ்' என அமைகிறது. பண்டை எகிப்திய எழுத்துமுறையில் லகரத்துக்கெனத் தனிக்குறி இல்லை. நகர, ரகரக் குறிகள் அதற்கும் பயன்பட்டன. எனவே இங்குள்ள நகரம் எழுத்துமுறையின் குறைபாடேயன்றி ஒலிமாற்றம் அன்று எனக் கொள்வதே பொருந்தும்.

1995-இல் ஓரெல், ஸ்டோல்போவா ஆகிய இருவரும், தனியே எரெட்டும் வெளியிட்ட மூலமொழி மீட்டுருவாக்கங்கள் பெரிதும் முரண்படுகின்றன. இந்நிலையில், சான்றின் தொன்மையைவிட, அது ஒலியை எவ்வளவு பதிவுசெய்ய வல்லது என்பதே முதலில் ஆராயத்தக்கது.