பகா எண்: ஒரு சொல்லின் வழி

கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் வாழும் தோட்டத்தில் பள்ளி அமைக்கப்பட வேண்டும் என்று விதித்தது. நெகிரி செம்பிலான் இரப்பர்த் தோட்டங்களும் அவ்விதிக்கு உட்பட்டன. பல இடங்களில் கங்காணியோ கிராணியோ ஆசிரியரானார். எழுத்தும் வாய்ப்பாடும் போதும் என்பதே அக்கால நிருவாகத்தின் எண்ணம்.

அத்தகைய தோட்டப் பள்ளியொன்றில், என் காலத்து ஆசிரியர் இரப்பர்க் கொட்டைகளைத் தரையில் நிரை நிரையாக அடுக்கச் செய்வார். 24 கொட்டைகள் நான்கு நிரையாகவும் ஆறு நிரையாகவும் அமைந்தன. 23 கொட்டைகளோ சம நிரைகளாக அமையவேயில்லை; ஒற்றை வரிசையாகவே நின்றன. "இது பகா எண்" என்றார் அவர்.

'பகா' என்பது 'பகாத' என்பதன் ஈறு கெட்ட வடிவம். பகுதி, பகிர்வு ஆகியவற்றோடு உறவுடையது. பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூல் சொற்களைப் பகுபதம், பகாப்பதம் எனப் பிரித்ததை மாணவர் அறிவர். 'உண்டான்' பகுபடும்; 'மரம்' பகுபடாது. அதே அடியில்தான் பகு எண்ணும் பகா எண்ணும் அமைந்துள்ளன. மலாய் 'பெர்டானா', வடமொழிப் 'பிரதான'த்தின் வழிவந்து, முதன்மையைச் சுட்டுகிறது; இலங்கைத் தமிழரின் 'முதன்மை எண்' என்பதும் அவ்வாறே. தமிழ்ச்சொல் இலக்கணத்தையே பெயராகக் கொண்டுள்ளது என்பது என் கருத்து. (இதில் எனக்குச் சார்பு உண்டு.)

இனி ஒரு பெரிய எண்ணைக் காண்போம். 31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2,147,483,647 கிடைக்கும். இத்தனை கொட்டைகளும் ஒற்றை வரிசைதான் என்று 1772இல் ஆய்லர் காட்டினார். அடுக்கிப் பார்த்தல் இயலாத செயல். காரணி இருப்பின் ஒன்றாவது 46,340க்கு மேற்படாது. பகாக் காரணி எதுவும் 248ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மீதம் தரவேண்டும். எஞ்சிய சிலவற்றைச் சோதித்தால் போதும். ஆனால் இரண்டுகளின் எண்ணிக்கை பகா எண்ணாக இருப்பது மட்டும் போதாது: 11 இரண்டுகளைப் பெருக்கி ஒன்று கழித்த 2047, 23 × 89 எனப் பகுந்துவிடும். 2024இல் அறிவிக்கப்பட்ட இவ்வகைப் பகா எண்ணுக்கு 41,024,320 இலக்கங்கள்.

2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. தமிழ்ப் பள்ளிகளும் விலக்கல்ல. 2009 சூலையில் அக்கொள்கையைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது. அவ்விடைக்காலத்தில் படித்த இளம் ஆசிரியை ஒருவரை அண்மையில் பகாவ் வட்டாரத்தில் சந்தித்தேன். 'பகா எண்' என்னும் சொல்லைப் பணியில் சேர்ந்த பின்னரே அறிந்ததாகக் கூறினார். "பகாப்பதம் அறிவீர்களா, அம்மா?" என்றேன். "அது தெரியும், ஐயா" என்றவர், சற்று நின்று சிரித்தார்.