குழந்தைகள் அறிவியல் மாநாடு: யார் சேரலாம், எப்படிச் சேர்வது?

பள்ளி திறந்து பாடங்கள் ஓடத் தொடங்கும் ஜூன், ஜூலை மாதங்களில் தலைமை ஆசிரியரின் மேசைக்குச் சில சுற்றறிக்கைகள் வந்து சேரும். மாணவர்களுக்கான அறிவியல் போட்டிகள் பற்றியவை அவை. ஆர்வமுள்ள ஆசிரியர் கையில் கிடைத்தால் அவை வகுப்பறைக்குப் போகும். இல்லாவிட்டால் கோப்பிலேயே தங்கிவிடும். பெற்றோருக்குச் செய்தி எட்டும்போது பெரும்பாலும் கடைசித் தேதி கடந்திருக்கும். நமது பகுதிகளில் பல பிள்ளைகளுக்கு வாய்ப்பு இப்படித்தான் நழுவுகிறது. ஆகவே பள்ளியிலிருந்து தகவல் வரட்டும் என்று காத்திராமல், பெற்றோர்களே விதிமுறைகளைத் தெரிந்துகொண்டு பள்ளியில் போய்க் கேட்பது நல்லது. அதற்கு உதவும் அளவில் இரண்டு போட்டிகளைப் பற்றி இங்கே எழுதுகிறோம். ஒன்று தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு. மற்றொன்று இன்ஸ்பயர் விருது. முதலாவதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறோம். காரணம், அதைப் பற்றித்தான் நம்மவர்களுக்குக் குறைவாகத் தெரியும்.

மாநாடு என்பது என்ன?

1990களின் தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்தின் குவாலியர் அறிவியல் மையம் சிறிய அளவில் தொடங்கிய முயற்சி இது. 1993 முதல் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்துவருகிறது. தமிழ்நாட்டில் இதை ஒருங்கிணைத்து நடத்தும் பணியைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் செய்துவருகிறது. புதுச்சேரியில் புதுவை அறிவியல் இயக்கம் செய்கிறது.

கண்காட்சி என்றதும் நம் மனதில் தெர்மாகோல் எரிமலையும், பேட்டரியில் சுற்றும் காற்றாலையும்தான் வருகின்றன. மாநாட்டில் அவற்றுக்கு இடமில்லை. இங்கே பிள்ளைகள் மாதிரி வடிவம் செய்து கொண்டுவருவதில்லை. தங்கள் தெருவில், ஊரில், வயலில், கடற்கரையில் உள்ள ஒரு பிரச்சினையைத் தாங்களே தேர்ந்தெடுத்து, இரண்டு மூன்று மாதங்கள் கவனித்து, அளந்து, கணக்கெடுத்து, அதிலிருந்து என்ன தெரியவந்தது என்பதை நடுவர்கள் முன் எடுத்துச் சொல்ல வேண்டும். செலவு செய்பவருக்கு முன்னுரிமை கிடைக்காத போட்டி இது. ஒரு நோட்டுப் புத்தகமும், ஒரு வாளியும், கைக்கடிகாரமும் இருந்தால்கூட நல்ல ஆய்வு செய்துவிடலாம்.

ஒவ்வொரு முறையும் ஒரு பொதுக் கருப்பொருள் அறிவிக்கப்படும். அது இரண்டு ஆண்டுகளுக்கு நீடிக்கும். உதாரணமாக, 2022, 2023 ஆண்டுகளுக்குச் சூழல் அமைப்பை ஆரோக்கியத்துக்காகவும் நல்வாழ்வுக்காகவும் புரிந்துகொள்வது என்பது கருப்பொருளாக இருந்தது. கருப்பொருளின் கீழ் சில துணைத் தலைப்புகள் இருக்கும். பிள்ளையின் ஆய்வு அவற்றில் ஏதாவது ஒன்றுக்குள் அடங்க வேண்டும். எவ்வளவு நல்ல ஆய்வானாலும் கருப்பொருளுக்குத் தொடர்பில்லை என்றால் மதிப்பெண் போய்விடும். எனவே தலைப்பைத் தேர்வு செய்யும் முன்பே அந்த ஆண்டின் கையேட்டை வாங்கிப் படித்துவிட வேண்டும்.

வயதும் குழுவும்

10 வயது முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கான மாநாடு இது. 10 நிறைந்து 14 நிறையாதவர்கள் இளநிலைப் பிரிவு. 14 நிறைந்து 17 நிறையாதவர்கள் முதுநிலைப் பிரிவு. அந்த ஆண்டின் டிசம்பர் 31ஆம் தேதி பிள்ளைக்கு என்ன வயது என்பதே கணக்கு. வகுப்பைப் பார்த்துப் பிரிவை முடிவு செய்துவிடாதீர்கள். நம் வீடுகளில் பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதியும் பள்ளிப் பதிவேட்டில் வேறு தேதியும் இருக்கும் பிள்ளைகள் உண்டு. அதை முதலில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

தனியாகச் சேர முடியாது, குழுவாகத்தான் சேர வேண்டும். முன்பு ஒரு குழுவில் ஐந்து பேர் வரை இருந்தார்கள். பிற்காலத்தில் அது இருவராகக் குறைக்கப்பட்டது. இருவரும் ஒரே வயதுப் பிரிவைச் சேர்ந்தவர்களாக இருந்தால் குழப்பம் வராது. இருவரில் ஒருவர் குழுத் தலைவர். மேல் கட்டங்களில் தலைவர் மட்டும் போய்ப் பேச வேண்டிய நிலை வரலாம் என்பதால், யார் தலைவர் என்பதை வீட்டாரும் பிள்ளைகளும் தொடக்கத்திலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். வெற்றி பெற்ற பிறகு இதைப் பேசத் தொடங்கினால் இரண்டு வீடுகளுக்கிடையே மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

குழுவுக்கு ஒரு வழிகாட்டி வேண்டும். பள்ளி ஆசிரியராக இருக்கலாம், அறிவியல் ஆர்வலராகவும் இருக்கலாம். அவர் வழிகாட்டுவார், ஆய்வைச் செய்து கொடுக்க மாட்டார்.

இங்கே ஒரு விதியைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். மாநாட்டில் சேர பள்ளி மாணவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வயது வரம்புக்குள் இருந்தால் பள்ளியை இடையில் விட்ட பிள்ளைகளும், முறைசாராக் கல்வியில் இருப்பவர்களும், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும் சேரலாம். அப்படியானால் ஹிஃப்ழு மதரஸாவில் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகள் பள்ளியிலிருந்து விலகியிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இந்தக் கதவு திறந்தே இருக்கிறது. ஹிஃப்ழை முடித்துவிட்டு மறுபடி பள்ளிக்குத் திரும்பும் பிள்ளைக்கு அறிவியல் பாடம்தான் பெரும் தடையாக நிற்கிறது என்பதை மதரஸாவில் ஓதியவர்கள் என்ற முறையில் நாம் அறிவோம். அந்த இடைவெளியில் ஒரே ஒரு ஆய்வு செய்திருந்தால்கூடப் பிள்ளைக்கு அச்சம் விலகும். மதரஸா நிர்வாகிகள் மாவட்ட ஒருங்கிணைப்பாளரைச் சந்தித்து, வழிகாட்டி ஒருவரைக் கேட்டுப் பெறலாம். வாரத்தில் இரண்டு மாலை நேரங்கள் ஒதுக்கினால் போதும். ஓதும் நேரம் பாதிக்கப்படாது.

ஆய்வை எப்படி அமைப்பது?

கேள்வி சிறியதாக இருக்க வேண்டும். “தண்ணீர் மாசு” என்பது தலைப்பு ஆகாது. அது ஒரு துறை. “எங்கள் தெருவின் பன்னிரண்டு அடிபம்புகளில் எவற்றில் உப்பு அதிகம், அது கடலிலிருந்து உள்ள தூரத்தைப் பொறுத்து மாறுகிறதா?” என்பது பிள்ளைகளால் செய்து முடிக்கக்கூடிய கேள்வி.

நம் பிள்ளைகளுக்கு நன்கு பழக்கமான இடத்திலிருந்தே ஒரு உதாரணம் தருகிறோம். பள்ளிவாசலில் ஒளு செய்ய ஹவுழும் இருக்கிறது, குழாய்களும் இருக்கின்றன. குழாயில் ஒருவர் ஒளு செய்ய எவ்வளவு தண்ணீர் செலவாகிறது? குழாயின் கீழே வாளி வைத்து அளந்துவிடலாம். குழாயை முழுதாகத் திறந்தால் எவ்வளவு, பாதி திறந்தால் எவ்வளவு, மஸ்ஹு செய்யும்போது மூடினால் எவ்வளவு மிச்சம்? சிறுவர், பெரியவர், முதியவர் இடையே வித்தியாசம் உண்டா? மக்ரிபுக்கு ஓடிவருபவரும் அஸருக்கு நிதானமாக வருபவரும் ஒரே அளவுதான் செலவழிக்கிறார்களா? ஒரு நாள் அளந்தால் போதாது. பல நாட்கள், பல பேரிடம், ஒரே முறையில் அளக்க வேண்டும். அளக்கப்படுகிறோம் என்று தெரிந்தால் மனிதர் சிக்கனமாகிவிடுவார். அதை எப்படிச் சமாளித்தீர்கள் என்று நடுவர் கேட்டால் பிள்ளையிடம் பதில் இருக்க வேண்டும். அதற்காக யாரிடமும் சொல்லாமல் அளப்பதும் முறையல்ல. பள்ளிவாசல் நிர்வாகத்திடம் அனுமதி பெற்று, தொழ வருபவர்களிடமும் சொல்லிவிட்டு, முதல் சில நாட்களின் கணக்கை விட்டுவிட்டுப் பிறகு வருவதை எடுத்துக்கொள்ளலாம். பிறகு, குழாயின் முனையில் காற்றுக் கலக்கும் சல்லடை பொருத்தி மறுபடி அளந்து பார்க்கலாம். அந்த ஆண்டின் கருப்பொருளோடு இது பொருந்துமானால் நல்ல ஆய்வு தயார்.

வீடு வீடாகப் போய்க் கேள்விகள் கேட்கும் ஆய்வாக இருந்தால், பதில் சொல்பவர்களின் பெயரை அறிக்கையில் எழுத வேண்டாம். நோய், வருமானம் போன்றவற்றைக் கேட்கும்போது சம்மதம் பெற்றுக் கேட்பதே முறை. சாக்கடை நீர், கெட்டுப்போன உணவு ஆகியவற்றில் கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனையை வீட்டில் ஒருபோதும் செய்ய விடாதீர்கள். கல்லூரி ஆய்வகத்தில் ஆசிரியர் மேற்பார்வையில் நடந்தால் வேறு விஷயம்.

நாட்குறிப்பும் அறிக்கையும்

ஆய்வு தொடங்கிய நாளிலிருந்து பிள்ளைகள் ஒரு நாட்குறிப்பு வைத்திருக்க வேண்டும். இதை லாக் புக் என்பார்கள். எந்தத் தேதியில் எங்கே போனோம், என்ன அளந்தோம், எது தவறிப்போனது, மழையால் எந்த நாள் வேலை நின்றது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பெற்றோர்கள் செய்யும் பெரிய தவறு, கடைசி வாரத்தில் புதிய நோட்டு வாங்கிக் கொடுத்து அழகான கையெழுத்தில் படியெடுக்கச் சொல்வது. நடுவர்களுக்கு அழகு தேவையில்லை. அடித்தல் திருத்தலோடு, எண்ணெய்க் கறை பட்ட அசல் நோட்டையே அவர்கள் நம்புகிறார்கள். மூன்று மாதக் குறிப்பும் ஒரே மையில் ஒரே சீராக இருந்தால் என்ன நடந்தது என்பது அவர்களுக்குப் புரிந்துவிடும்.

ஆய்வறிக்கையை இளநிலையினர் 2500 சொற்களுக்குள்ளும், முதுநிலையினர் 3500 சொற்களுக்குள்ளும் எழுத வேண்டும். தனியாக ஒரு ஆய்வுச் சுருக்கமும் தர வேண்டும். விளக்க அட்டைகள் நான்கு. பேசுவதற்கு எட்டு நிமிடம், பிறகு கேள்விகள். கையேடு ஆண்டுக்கு ஆண்டு சிறு மாற்றங்களோடு வருவதால் இந்த அளவுகளை அந்த ஆண்டுக் கையேட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அறிக்கையைத் தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பேசலாம். ஆங்கிலத்தில் பேசினால்தான் தேர்வாவார்கள் என்று சில பள்ளிகள் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். விதியில் அப்படி எதுவும் இல்லை. மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில் எட்டு நிமிடம் ஓட்டிவிட்டு முதல் கேள்வியிலேயே நின்றுவிடும் பிள்ளையைவிட, தன் மொழியில் தன் வேலையைச் சொல்லும் பிள்ளைதான் முன்னேறும்.

கேள்வியின் புதுமை, கருப்பொருளோடு உள்ள தொடர்பு, தகவல் திரட்டிய முறை, அதைப் பகுத்துப் பார்த்த விதம், தீர்வு காண எடுத்த முயற்சி, குழுவாக வேலை செய்தது, எடுத்துரைத்த பாங்கு ஆகியவற்றைப் பார்த்து மதிப்பெண் தருகிறார்கள்.

பதிவு செய்ய தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் மாவட்ட ஒருங்கிணைப்பாளரை அணுக வேண்டும். பள்ளியின் அறிவியல் ஆசிரியருக்குப் பெரும்பாலும் அவரைத் தெரிந்திருக்கும். கட்டணம் ஏதும் உண்டா, கடைசி நாள் எது என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். மாவட்ட மாநாடு பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில் நடக்கும். அதன் பிறகு மாநில மாநாடு. தேசிய மாநாடு டிசம்பர் கடைசி வாரம் நடப்பது வழக்கம், சில ஆண்டுகளில் ஜனவரிக்குத் தள்ளிப்போயிருக்கிறது. 2019இல் அது நமக்குப் பக்கத்தில், திருவனந்தபுரத்தில் நடந்தது.

இன்ஸ்பயர் விருது

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் தேசிய புத்தாக்க நிறுவனமும் சேர்ந்து நடத்துவது இது. இங்கே பார்ப்பது ஆய்வை அல்ல, புதிய யோசனையை. அன்றாடச் சிரமம் ஒன்றைத் தீர்க்கும் கருவி அல்லது முறை எதுவானாலும் சரி. 6 முதல் 10ஆம் வகுப்பு வரை என்றிருந்ததை அண்மையில் 12ஆம் வகுப்பு வரை விரிவாக்கியிருக்கிறார்கள். ஒரு பள்ளி ஐந்து யோசனைகள் வரை அனுப்பலாம். பள்ளியின் வழியாகத்தான் அனுப்ப முடியும். பள்ளி ஒருமுறை இணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். நம் சமுதாயத்தார் நடத்தும் பள்ளிகளின் தாளாளர்கள் தங்கள் பள்ளி பதிவாகியிருக்கிறதா என்று இன்றே விசாரித்துக்கொள்ளலாம்.

தேர்வாகும் யோசனைக்கு 10,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்கிலேயே வந்து சேரும். அந்தப் பணத்தில் மாதிரி செய்து மாவட்டக் கண்காட்சியில் வைக்க வேண்டும், பிறகு மாநிலம், பிறகு தேசம். புதுமை, சமுதாயப் பயன், சுற்றுச்சூழலுக்கு உகந்ததா, பயன்படுத்த எளிதா, ஏற்கெனவே உள்ளதைவிட எந்த வகையில் மேல் என்பவற்றைப் பார்க்கிறார்கள். கடையில் வாங்கிய மாதிரியும், காணொளி பார்த்துச் செய்த கருவியும் முதல் கேள்வியிலேயே அடிபட்டுப்போகும்.

நம் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. பெயர்! முஹம்மது என்ற ஒரே பெயரை ஆங்கில எழுத்தில் பள்ளியில் ‘ஓ’ போட்டும், ஆதாரில் ‘யு’ போட்டும், வங்கியில் வெறும் ‘எம்டி’ என்றும் எழுதியிருப்பார்கள். ஃபாத்திமாவுக்கும் ஆயிஷாவுக்கும் இதே கதைதான். வாப்பாவின் பெயர் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால். பெயர் பொருந்தாவிட்டால் யோசனை தேர்வான பிறகும் பணம் வந்து சேர்வதில் சிக்கல் வரும். பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போகும்போதே மூன்றையும் ஒன்றாக்கிவிடுவது நல்லது. பிறகு கல்வி உதவித்தொகைக்கும் அது உதவும்.

வெளியூர்ப் பயணம்

மாநில அளவுக்குத் தேர்வாகும் பெண் பிள்ளைகளை வீட்டார் அனுப்பத் தயங்குவதைப் பார்க்கிறோம். தயக்கம் இயல்பானதுதான். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுத் தெளிவு பெறாமலே மறுத்துவிடுவது பிள்ளையின் மூன்று மாத உழைப்புக்குச் செய்யும் அநீதி. தங்குமிடம் எங்கே, பெண் பிள்ளைகளுக்குத் தனி ஏற்பாடா, பெண் ஆசிரியை உடன் வருகிறாரா, உம்மாவோ வாப்பாவோ சொந்தச் செலவில் கூட வரலாமா என்று ஒருங்கிணைப்பாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். சாப்பாடு, தொழுகைக்கான இடம் ஆகியவற்றையும் சொல்லி வையுங்கள். இரண்டு வாரங்களுக்கு முன்னால் கேட்டால் ஏற்பாடு செய்வது அவர்களுக்கும் எளிது.

மாவட்ட அளவிலேயே நின்றுவிட்ட குழுக்கள் நாட்குறிப்பைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். கருப்பொருள் இரண்டு ஆண்டுகளுக்கு நீடிப்பதால், முதல் ஆண்டில் விடுபட்ட அளவீடுகளைச் சேர்த்து, நடுவர்கள் சுட்டிய குறைகளைச் சரிசெய்து, அதே கேள்வியை இன்னும் ஆழமாக ஆராய்ந்து அடுத்த ஆண்டு வரலாம். வயது வரம்பைத் தாண்டிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.