கலைப்படைப்பு ஒப்பீட்டில் கணினிப் பார்வை

அருங்காட்சியகங்களிலும் நூலகங்களிலும் நிழற்படக் காப்பகங்களிலும் சிதறிக் கிடக்கும் ஒரே படைப்பின் படிகளை, அல்லது ஒன்றைப் பார்த்து மற்றொன்று வரையப்பட்ட படைப்புகளை, அவற்றின் படங்களைக் கொண்டே கணினி வழியாகக் கண்டறியும் முறை இது. பட்டியலில் உள்ள சொற்களை நம்பாமல் உருவத்தையே தேடுபொருளாகக் கொள்வது இதன் அடிப்படை.

தேவை

ஜப்பானின் உக்கியோ-எ எனப்படும் மரக்கட்டை அச்சோவியங்கள் இம்முறை ஏன் தேவை என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரே கட்டையிலிருந்து ஆயிரக்கணக்கில் அச்சிட்டு விற்கப்பட்ட இவை இன்று பல நாடுகளின் தொகுப்புகளில் உள்ளன. ஓர் இடத்தில் தலைப்பு ஜப்பானிய மொழியிலும் மற்றோரிடத்தில் ஆங்கிலத்திலும் பதிவாகியிருக்கும். ஓவியர் ஹொக்குசாய் தம் வாழ்நாளில் முப்பதுக்கும் மேற்பட்ட பெயர்களைச் சூட்டிக்கொண்டவர். ஆகவே, பெயரையும் தலைப்பையும் வைத்துத் தேடினால் உடன்பிறந்த படிகள்கூட ஒன்றுசேர்வதில்லை.

செயல்முறை

ஒரே ஓவியத்தின் இரு நிழற்படங்களை அப்படியே மேலுக்கு மேல் வைத்துப் பார்ப்பதால் பயனில்லை. ஒளி, நிறம், அளவு, வெட்டிய ஓரம் எல்லாமே மாறியிருக்கும். டேவிட் லோ 1999இல் வெளியிட்ட சிஃப்ட் என்னும் முறை, படத்தைப் பெரிதாக்கினாலும் திருப்பினாலும் மீண்டும் அடையாளம் காணக்கூடிய புள்ளிகளைப் பொறுக்கி எடுக்கிறது. இரு படங்களிலும் இத்தகைய புள்ளிகள் பல, ஒரே இட அமைப்பில் பொருந்தினால் அவை ஒன்றே எனக் கொள்ளலாம். 2012க்குப் பின் பரவலான ஆழ்கற்றல் வலையமைப்புகள் ஒவ்வொரு படத்தையும் ஓர் எண்வரிசையாக மாற்றுகின்றன. எண்வரிசைகள் நெருங்கியிருந்தால் படங்களும் ஒத்தவையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

முக்கியத் திட்டங்கள்

ஜேகுவெரி நிரல் நூலகத்தை உருவாக்கிய ஜான் ரெசிக், 2012 டிசம்பரில் உக்கியோ-எ தேடல் தளத்தைத் தொடங்கினார். இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான அச்சோவியப் படங்கள் அதில் திரட்டப்பட்டன. படங்களைப் பொருத்தியது கனடாவின் டின்ஐ நிறுவன மென்பொருள். கையிலுள்ள அச்சைப் படமெடுத்து ஏற்றினால் அதன் மற்றப் படிகள் வரிசையாக வந்து நிற்கும்.

அந்த வரிசையில்தான் ஆய்வாளரின் வேலை தொடங்குகிறது. ஹொக்குசாயின் கனகாவா பேரலை (ஏறத்தாழ 1831) ஓவியத்தில், இடது மேல்மூலையில் தலைப்பைச் சுற்றி ஒரு கட்டம் உண்டு. முதலில் எடுத்த படிகளில் அதன் கோடுகள் முழுமையாக உள்ளன. கட்டை தேயத் தேய, பிந்திய படிகளில் இடப்பக்கக் கோட்டில் இடைவெளி விழுகிறது. படிகளை அருகருகே வைத்தால், எது முந்தியது எது பிந்தியது என்பதை இந்த இடைவெளியே காட்டிக்கொடுத்துவிடும்.

ரெசிக் இதே நுட்பத்தை நியூயார்க்கின் ஃப்ரிக் கலை நூலக நிழற்படக் காப்பகத்திலும் கையாண்டார். ஒரே ஓவியத்தைப் பழுதுபார்க்கும் முன்னும் பின்னும் எடுத்த படங்கள் இணைசேர்ந்தன. சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகம் தன் ரெப்ளிகா திட்டத்துக்காக வெனிஸின் ஜார்ஜியோ சீனி அறக்கட்டளைக் காப்பகத்தை எண்ணிமமாக்கியது. ஷென், எஃப்ரோஸ், ஓப்ரி ஆகியோரின் 2019ஆம் ஆண்டு ஆய்வு, யான் புரூகல் பட்டறையைச் சார்ந்த 1,587 படைப்புகளை எடுத்துக்கொண்டு, ஓர் ஓவியத்தின் சிறு பகுதி வேறோர் ஓவியத்தில், வேறு ஊடகத்தில் மீண்டும் தலைகாட்டும் இடங்களைத் தேடியது.

வரம்புகள்

உருவ ஒற்றுமை மரபுத் தொடர்புக்குச் சான்றாகாது. மூலம் எது, நகல் எது, போலி எது என்பதைத் தாள், மை, முத்திரை, கைமாறிய வரலாறு ஆகியவற்றைப் பார்த்து வல்லுநரே முடிவுசெய்ய வேண்டும். எண்ணிமமாக்கப்படாத தொகுப்புகள் கணினியின் கண்ணுக்கு எட்டுவதில்லை.

சிற்பங்களில் சிக்கல் கூடுதல்; கோணமும் நிழலும் மாறினால் ஒரே சிலை வேறாகத் தெரியும். ஆஸ்திரேலியா 2014இல் திருப்பித் தந்த அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராசர் செப்புத் திருமேனியை அடையாளம் காண, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய நிழற்படம் உதவியது. அங்கே அந்த நிழற்படத்தையும் சிலையையும் ஒப்பிட்டது மனிதக் கண்தான். கணினி தேடினாலும் கண் தேடினாலும், ஒப்பிடுவதற்கு முன்பே எடுத்து வைத்த ஒரு படம் வேண்டும்.