சென்னை என்ற பெயரில் கோவை ஜெயித்த கோப்பை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை முகப்பேரில் நாங்கள் நடக்கும் பூங்காவில் பேச்சு கால்பந்துப் பக்கம் போனது. "தமிழ்நாட்டு டீம்னா சென்னையின் எஃப்.சி. ஒண்ணுதான் சார்" என்றார் ஒரு தம்பி. "சரி, 2019இல் ஐ-லீக் ஜெயித்தது யார்?" என்று கேட்டேன். இருந்த ஐந்து பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. நான் இடைநிலை ஆசிரியர்தான். ஆனால் பி.டி. மாஸ்டர் இல்லாத பள்ளிகளில் விசில் ஊதிய அனுபவம் நிறைய உண்டு. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

அந்த அணியின் பெயர் சென்னை சிட்டி எஃப்.சி. 1946இல் நேதாஜி என்ற பெயரில் தொடங்கி, சென்னை லீக் ஆட்டங்களில் ஆடிவந்த பழைய கிளப்தான் இப்படிப் பெயர் மாறியது. 2016 கடைசியில் ஐ-லீகில் இடம் கிடைத்தது. அந்தக் காலத்தில் இந்தியன் வங்கி அணி தேசிய லீகில் ஆடியதற்குப் பிறகு நம் ஊர்ப் பெயர் அந்த வரிசையில் வந்தது அப்போதுதான். ஆனால் பெயர் மட்டும்தான் சென்னை. கோப்பை ஜெயித்த பருவத்தில் ஆடியதோ கோவை நேரு ஸ்டேடியத்தில். சென்னையில் உள்ள நேரு ஸ்டேடியம் 2014இல் வந்த ஐ.எஸ்.எல். அணியான சென்னையின் எஃப்.சி.யின் களமாக இருந்தது. முகப்பேரிலிருந்து பஸ் ஏறி நம் ஊர் அணியைப் பார்க்க முடியாது, கோவைக்கு ரயில்தான் பிடிக்க வேண்டும்!

முதல் இரண்டு பருவங்களிலும் பத்து அணிகளில் எட்டாம் இடம். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

2018-19 பருவத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். ஸ்பெயினின் கீழ்நிலை லீகுகளில் ஆடிக்கொண்டிருந்த, இங்கே யாருக்கும் தெரியாத வீரர்களைக் கொண்டுவந்தார்கள். பெத்ரோ மான்சி, நெஸ்டர், சாண்ட்ரோ, கோல்கீப்பர் நௌசெட் சந்தானா. அவர்களோடு நம் பிள்ளைகள் எட்வின் வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார். முதல் ஆட்டத்திலேயே இந்தியன் ஏரோஸுக்கு எதிராக மான்சி மூன்று கோல் போட்டார். 4-1 வெற்றி. பருவம் முடியும்போது அவர் கணக்கில் 21 கோல்.

அந்தச் சமயம் என் மகள் குடும்பம் கோவையில் இருந்தது. பேரனுக்குத் துணையாகப் போனவன்தான் நான். வ.உ.சி. பூங்காவைத் தாண்டி ஸ்டேடியத்துக்குள் நுழைந்தால், ஓட்டப்பந்தயத் தடம் நடுவில் இருப்பதால் ஆட்டக்காரர்கள் எங்கோ தூரத்தில் தெரிவார்கள். முதல் நாள் முகம் கூடச் சரியாகத் தெரியவில்லை. அப்புறம் ஒருவர் ஓடும் ஓட்டத்தை வைத்தே பெயர் சொல்லப் பழகிவிட்டேன். வகுப்பில் முதுகைப் பார்த்தே பையனைக் கண்டுபிடிப்போமே, அந்த மாதிரி.

2019 மார்ச் 9, கடைசி ஆட்டம். சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. இரண்டு அணிகளுக்கும் ஒரே நேரத்தில் ஆட்டம். கோவைக்கு வந்தது முந்தைய ஆண்டு சாம்பியன் மினர்வா பஞ்சாப். உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் மினர்வா கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரை அதே நிலை. பேரன் அழாத குறை. இரண்டாம் பாதியில் பெனால்டியில் மான்சி சமன் செய்தார். பிறகு அசாம் பையன் கௌரவ் போரா ஒன்று, கூடுதல் நேரத்தில் இன்னொன்று. 3-1. அங்கே கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் 2-1 என ஜெயித்துவிட்டது. கோவையில் டிரா ஆகியிருந்தால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். 43க்கு 42. ஒரே ஒரு புள்ளி.

அடுத்த மாதம் சூப்பர் கப். அப்போதுதான் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றிருந்த பெங்களூரு எஃப்.சி.யை இதே பையன்கள் 2-1 என்று தோற்கடித்தார்கள். ஆனாலும் ஐ.எஸ்.எல்.லுக்குள் போக வழி கிடையாது. இங்கிலாந்தில் கீழ் லீகில் முதலாவது வந்தால் மேலே போகலாம். இங்கே அப்போது அமெரிக்க முறை, பணம் கட்டி இடம் வாங்கியவர்கள் மட்டும். அமெரிக்க பேஸ்பாலிலும் இதே கதைதான். செயின்ட் பால் நகரின் செயின்ட்ஸ் அணி 1993 முதல் பெரிய லீகுக்கு வெளியே தனியாக ஆடிப் பெயர் எடுத்தது. 2021இல் அது மினசோட்டா ட்வின்ஸின் துணை அணி ஆனது. எத்தனை கோப்பை ஜெயித்தாலும் பெரிய லீகுக்குள் அது தானாகப் போக முடியாது. ஆனால் அதன் மைதானம் அதன் ஊரிலேயே இருந்தது, ஊர் மக்களும் கூடவே இருந்தார்கள். நம் அணிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது. அதை வைத்துப் பெரிய கனவுகள் பேசப்பட்டன. 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபாவிடம் 0-1 தோல்வி. மான்சி ஜப்பானுக்குப் போனார். மார்ச்சில் கொரோனா. அடுத்த பருவம் முழுக்க மேற்கு வங்கத்தில், கோவையில் ஓர் ஆட்டம் கூட இல்லை. 2021-22 ஐ-லீக் பட்டியலைப் பார்த்தால் சென்னை சிட்டியின் பெயரே காணோம். ஐ-லீக் சாம்பியன் மேலே போகலாம் என்ற விதி 2022-23இல்தான் வந்தது. அதில் முதலில் ஏறியது, அன்று கோவையில் தோற்றதே மினர்வா, அதன் வழிவந்த பஞ்சாப் அணி.

வான்ஸ்பால் சென்னையின் அணிக்கும், ரொமாரியோ கோவாவுக்கும், அஜித்குமார் பெங்களூருவுக்கும் போய் ஐ.எஸ்.எல். ஆடினார்கள். கிளப்புக்குத் திறக்காத கதவு பையன்களுக்குத் திறந்தது. அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

அந்த மார்ச் 9 ஆட்டத்துக்கு வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் கீழே எழுதுங்கள். படம் இருந்தால் போடுங்கள். என் போனில் இருந்தவை எல்லாம் அழிந்துவிட்டன. பூங்கா நண்பர்களுக்குக் காட்ட வேண்டும்.