வீட்டில் கட்டும் விமானம்: மெல்லிய தகட்டில் ரிவெட் பூட்டும் முறை

தனி ஆட்கள் தம் வீட்டுக் கொட்டகையிலோ கார் ஷெட்டிலோ கட்டும் சிறு விமானங்களில் பல, அலுமினியத் தகடுகளை ரிவெட் எனப்படும் தறையாணிகளால் பிணைத்து உருவாகின்றன. அமெரிக்காவில் ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன் வடிவமைத்த ஆர்.வி. வரிசை விமானங்கள் இதற்குப் பரவலாக அறியப்பட்ட உதாரணம். மேல்தோலுக்குப் பெரும்பாலும் 2024-டி3 என்ற அலுமினியக் கலவைத் தகடே பயன்படுகிறது. அதன் தடிமன் 0.016 முதல் 0.040 அங்குலம் வரை இருக்கும். இந்தக் கலவையைப் பற்றவைக்க முடியாது. சூட்டில் அதன் வலு போய்விடும், வெல்டு விரிசலும் விடும். அதனால்தான் ஒரே விமானத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ரிவெட்கள் தேவைப்படுகின்றன. புதிதாகத் தொடங்குபவரின் பயமெல்லாம் சுத்தியல் வேலையைப் பற்றித்தான். ஆனால் இணைப்பின் ஆயுளைப் பெரும்பாலும் தீர்மானிப்பது துளை. அடிக்கும் நேரம் வருவதற்குள் நல்லதும் கெட்டதும் முக்கால் பங்கு முடிவாகிவிடுகிறது.

ரிவெட் செயல்படும் விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். 1/8 அங்குல ரிவெட்டுக்கு 0.1285 அங்குலத் துளை போட வேண்டும். இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒருபுறம் காற்றுச் சுத்தியல் தலையை அடிக்க, மறுபுறம் பிடித்திருக்கும் கனமான எஃகுக் கட்டை அந்த அடியைத் தாங்குகிறது. மென்மையான 2117 கலவையாலான தண்டு முதலில் பருத்துத் துளையை நிரப்பும். பிறகு நசுங்கி எதிர்ப்புறத் தலையாகும். அந்தத் தலையின் அகலம் தண்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கும், உயரம் விட்டத்தில் பாதியும் இருந்தால் வேலை சரி. துளை பெரிதாகிவிட்டால் தண்டு பருப்பதற்கு முன்பே மடங்கிச் சாயும். தகடுகளுக்கு நடுவே பிசிறு கிடந்தால் அவை ஒட்டாமல் நிற்கும்; தண்டு அந்த இடுக்கில் பருத்து, தகடுகளை நிரந்தரமாக விலக்கியே வைக்கும். ஆகவே துளையிட்ட பிறகு தகடுகளைப் பிரித்து, ஒவ்வொரு துளை விளிம்பிலும் பிசிறெடுக்கும் முனையை விரலால் ஓரிரு சுற்று மட்டும் திருப்ப வேண்டும். அழுத்தித் திருப்பினால் பிசிறோடு தகடும் சீவப்பட்டு, விளிம்பு மெலிந்துவிடும். பிறகு கிளெக்கோ என்ற ஸ்பிரிங் பிடிப்பான்களால் தகடுகளை மீண்டும் இறுக்கிய பின்பே ரிவெட் பூட்டலாம்.

விளிம்பு மெலிந்தால் என்ன ஆகும் என்பதற்கான சான்று விமான வரலாற்றிலேயே இருக்கிறது. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 பறந்துகொண்டிருந்தபோது முன்பகுதிக் கூரை பிய்த்துக்கொண்டு போனது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். அதன் தோல் 0.036 அங்குலத் தகடு. ரிவெட் தலை மேற்பரப்போடு சமமாக அமர்வதற்காகத் தகட்டை முழுத் தடிமனுக்கும் குடைந்திருந்ததால், துளையின் அடிவிளிம்பு கத்திமுனை போலாகியிருந்தது. தகடுகளுக்கு இடையிலிருந்த பசை விட்டுப்போனதும் சுமை ரிவெட்களுக்கு மாறியது. உலோகச் சோர்வால் துளைக்குத் துளை விரிசல்கள் தோன்றி ஒன்றோடொன்று இணைந்தன. மெல்லிய தகட்டைக் குடையாமல், அச்சுகளுக்கிடையே அழுத்திக் குழிக்க வேண்டும் என்ற விதியின் நியாயம் இங்கே புலப்படுகிறது. குழிக்கும்போது உலோகம் வெட்டப்படுவதில்லை. குழிகள் ஒன்றுக்குள் ஒன்று அமர்வதால் வெட்டு விசையையும் அவையே ஓரளவு தாங்குகின்றன.

அந்த விமானம் கேபினில் காற்றழுத்தம் ஏற்றப்பட்டு 89,680 முறை பறந்தது. அழுத்தமே ஏற்றாத வீட்டு விமானத்துக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும் என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே; விரிசல் வளரும் வேகம் நிச்சயம் வேறுபடும். ஆனால் எஞ்சின் அதிர்வும் விசிறிக் காற்றும் இங்கேயும் உண்டு. மேலும் 2023-இல் ஆர்.வி. கிட்களை விற்கும் வேன்ஸ் நிறுவனமே இதே சிக்கலை எதிர்கொண்டது. லேசரால் வெட்டிய துளைகள் சிலவற்றில், குழிக்கும்போதே விரிசல் தோன்றியது. பறப்பதற்கு முன்பே, ஒரு ரிவெட்கூட அடிக்காத நிலையிலேயே, துளை விளிம்பின் தரக்குறைவு தகட்டைப் பிளந்தது.

ஒருபுறமிருந்தே இழுத்துப் பூட்டும் ரிவெட்டைப் பயன்படுத்தினால் இத்தனை சிரமமும் வேண்டாமே என்பது இன்னொரு வாதம். கிறிஸ் ஹைன்ட்ஸ் வடிவமைத்த செனித் விமானங்களும் ஆர்.வி-12-உம் பெரும்பாலும் அப்படித்தான் கட்டப்படுகின்றன, அவை நம்பகமானவை. ஆனால் அந்த ரிவெட்டின் அளவும் இடைவெளியும் வடிவமைப்பிலேயே கணக்கிடப்பட்டவை. அது இதுவரை பார்த்த திட ரிவெட்டைப் போலப் பருத்துத் துளையை நிரப்பாது என்பதால், துளையின் அளவில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். வரைபடம் திட ரிவெட் கேட்கும் இடத்தில் இதை நம் விருப்பத்துக்கு மாற்றக்கூடாது.

கோணலாகிப்போன ரிவெட்டையெல்லாம் உடனே கழற்ற வேண்டும் என்ற ஆர்வமும் ஆபத்தானது. தலை வெடித்திருந்தாலோ தகடுகள் விலகியிருந்தாலோ கழற்றித்தான் ஆக வேண்டும்: தலையின் நடுவிலுள்ள சிறு குழியில் துளைமுனையை வைத்துத் தலையின் ஆழத்துக்கு மட்டும் துளைத்து, தலையை நெம்பி உடைத்து, பின்புறம் தாங்கல் கொடுத்துத் தண்டைத் தட்டி எடுக்கலாம். கை சற்றுப் பிசகினாலும் துளை பெரிதாகும். அப்போது பூட்ட வேண்டிய அடுத்த அளவான 5/32 அங்குல ரிவெட்டுக்குத் துளை மையத்திலிருந்து தகட்டின் ஓரம் வரை 5/16 அங்குலமாவது வேண்டும். 1/8 அங்குல ரிவெட்டுக்கு 1/4 அங்குலமே போதுமானதாக இருந்தது. அந்தக் கூடுதல் இடம் இல்லாத ஓரங்களில், தகடுகள் இறுகியிருக்கும் வரை, சற்றே சாய்ந்த ரிவெட்டை அப்படியே விட்டுவிடுவதுதான் சரி.