வில்லைக்கு முன் ஒரு வில்லை

தலைநகரின் மந்திர் மார்க்கில், லட்சுமி நாராயணர் ஆலயத்தின் எதிரே நின்று புகைப்படம் எடுக்க முயன்றவர்கள் ஓர் இடர்ப்பாட்டை நன்கு அறிவார்கள். 1939-ஆம் ஆண்டில் காந்தியடிகள் திறந்து வைத்த அவ்வாலயத்தின் சிகரங்கள் உயர்ந்தவை; முகப்போ அகன்றது. சாலையின் மறு ஓரம் வரையில் பின்வாங்கினாலும் ஆலயம் முழுவதும் காமிராவின் சட்டத்திற்குள் எளிதில் அடங்குவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர், எம்முடன் பணியாற்றிய பெரியவர் ஒருவர் ஓய்வு பெற்ற நாளில், நாங்கள் பதினைந்து பேர் அவ்விடத்தில் ஒரு படம் எடுத்துக்கொண்டோம். அனைவரும் விழ வேண்டும், சிகரமும் விழ வேண்டும் என்பது எங்கள் விருப்பம். படம் எடுத்த நண்பர், காமிராவின் வில்லைக்கு முன்னால் தடித்த கண்ணாடி ஒன்றைத் திருகிப் பொருத்தினார். எல்லாம் அடங்கிவிட்டன. ஆனால் படம் கைக்கு வந்தபோது, நடுவில் நின்ற எங்கள் முகங்கள் தெளிவாக இருந்தன. கூச்ச சுபாவத்தால் ஓரத்தில் போய் நின்ற அப்பெரியவரின் முகம் மட்டும் மங்கி, நிழலடைந்து கிடந்தது. எவர் பொருட்டுப் படம் எடுத்தோமோ அவரையே இழந்தோம். இவ்வாறு வில்லைக்கு முன் வில்லை வைக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது, அது எதைத் தருகிறது, எதை எடுத்துக்கொள்கிறது என்று ஆராயும் ஆவல் நமக்கு அன்றுதான் பிறந்தது.

இதன் மூலம் மிகப் பழையது. 1609-ஆம் ஆண்டில் கலீலியோ வானத்தை நோக்கிய தொலைநோக்கியில், முன்புறம் ஒரு குவிவில்லையும் கண்ணருகே ஒரு குழிவில்லையும் இருந்தன. அவ்வமைப்பு தொலைவிலுள்ளதைப் பெரிதாக்கிக் காட்டியது. அதனையே திருப்பிப் பிடித்தால் காட்சி சிறுத்து, பரப்பு விரியும். குழந்தைகள் தொலைநோக்கியைத் தலைமாற்றிப் பிடித்து விளையாடுவதை நாம் கண்டிருக்கிறோம் அல்லவா? காமிராவின் முன்னால் பொருத்தும் துணைவில்லை இத்தகையதொரு சிறு தொலைநோக்கியே ஆகும். இணையாக உள்ளே வரும் ஒளிக்கதிர்களை இணையாகவே வெளியே அனுப்புவதால், பின்னாலுள்ள மூலவில்லை தன் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. ஒளியின் வலிமையும் ஏறக்குறையக் குறைவதில்லை. வில்லையைக் கழற்ற இயலாத காமிராக்களுக்கு இது பெரும் உதவியாயிற்று. ரோலைஃபிளெக்ஸ் என்னும் இரட்டைக்கண் காமிராவிற்கு ஸைஸ் நிறுவனத்தார் ‘மூட்டார்’ என்ற பெயரில் இருவகைத் துணைவில்லைகளைச் செய்தனர். ஒன்று உருவத்தை ஒன்றரை மடங்கு ஆக்கியது. மற்றது பத்தில் ஏழு பங்காகக் குறைத்துப் பரப்பை விரித்தது.

எனினும் இதற்கு விலை உண்டு. கண்ணாடி பருத்துக் கனக்கிறது, மூலைகள் இருள்கின்றன, ஓரங்களில் கூர்மை குன்றுகிறது, நேரான தூண்கள் பீப்பாயின் பக்கங்களைப்போல் வளைகின்றன.

இந்தத் துணைவில்லையின் வரலாற்றில் பெரும் திருப்பத்தை உண்டாக்கியவர் ஹென்றி கிரேத்தியன் என்னும் பிரெஞ்சு வானியல் அறிஞர். கலீலியோவின் முறை காட்சியை எல்லாப் பக்கங்களிலும் ஒரே அளவில் சுருக்குகிறது. கிரேத்தியனோ உருளை வடிவான வில்லைகளைக்கொண்டு, உயரத்தைத் தொடாமல் அகலத்தை மட்டும் பாதியாகச் சுருக்கும் கருவி ஒன்றை 1920-களில் அமைத்தார். ‘ஹைபர்கோனார்’ என்பது அதன் பெயர். படம் எடுக்கும்போது காமிராவின் முன்னால் ஒன்று. காட்டும்போது புரொஜெக்டரின் முன்னால் மற்றொன்று. முன்னது மனிதரை மூங்கிலாக ஒடுக்கும். பின்னது மீண்டும் மனிதராக விரிக்கும். வழக்கமான படச்சுருளே இரு மடங்கு அகலமான காட்சியைச் சுமந்தது. ஆயினும் அன்றைய திரையுலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை.

கால் நூற்றாண்டு கழிந்தது. தொலைக்காட்சி அமெரிக்கத் திரையரங்குகளை வெறுமையாக்கத் தொடங்கிய வேளையில், ஃபாக்ஸ் நிறுவனத்தார் கிரேத்தியனைத் தேடிச் சென்றனர். 1953 செப்டம்பரில் ‘தி ரோப்’ என்னும் படம் ‘சினிமாஸ்கோப்’ என்ற புதுப் பெயருடன் வெளிவந்தது. திரையின் உயரம் ஒன்றானால் அகலம் இரண்டரைக்கும் சற்று மேல். மக்கள் வியந்தனர். ஒளிப்பதிவாளர்களோ வேறொன்றைக் கண்டனர். ஒரு முகத்தை அண்மையில் எடுக்கும்போது துணைவில்லை உரிய அளவுக்குச் சுருக்குவதில்லை. புரொஜெக்டரோ உரிய அளவுக்கு விரித்துவிடுகிறது. விளைவு, அழகிய நடிகையின் கன்னங்கள் பொன்னுக்கு வீங்கி கண்டவைபோல் உப்பின. அமெரிக்கத் தொழிலாளர் அக்குறைக்கு அந்நோயின் பெயரையே இட்டு வழங்கினர்! பின்னர் பானவிஷன் நிறுவனத்தார் அதனைத் திருத்திய வில்லைகளைச் செய்தனர்.

நம் நாட்டில் இம்முறையில் உருவான முதல் படம், 1959-இல் வெளிவந்த குருதத்தின் ‘காகஸ் கே ஃபூல்’. அதன் ஒளிப்பதிவாளர் மைசூரில் பிறந்த வி. கே. மூர்த்தி. பரந்த திரையைப் படைகளாலும் தேர்களாலும் நிரப்புவதே பிற நாட்டார் வழக்கமாயிருந்தது. மூர்த்தியோ அவ்வகலத்தை வெறுமையால் நிரப்பினார். ஆளில்லாத படப்பிடிப்புக் கூடம். மேலிருந்து இறங்கும் ஓர் ஒளிக்கற்றை. அதன் இரு மருங்கும் இருள். பெரிய கண்ணாடிகளைக்கொண்டு சூரிய ஒளியையே கூடத்திற்குள் திருப்பி அக்கற்றையை உண்டாக்கினார் அவர். ஓரங்கள் இருளட்டும் என்று கருவியின் போக்கையே கலையாக்கிய திறம் அது. படம் அன்று தோல்வியுற்றது. குருதத் அதன்பின் தம் பெயரில் எப்படத்தையும் இயக்கவில்லை. மூர்த்திக்கு 2008-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது கிடைத்தது. அவ்விருது பெற்ற முதல் ஒளிப்பதிவாளர் அவரே.

தமிழகத்திற்குச் சினிமாஸ்கோப் வந்தது 1973-இல். ஏ. பி. நாகராசன் இயக்க, சிவாஜி கணேசன் நடிக்க, ஜி. உமாபதி தயாரித்த ‘ராஜராஜ சோழன்’ அப்பெருமையைப் பெற்றது. அரசவைக்கும் அணிவகுப்புக்கும் அகன்ற திரை ஏற்றதே. ஆனால் ராஜராஜன் என்றதும் நம் நினைவில் எழுவது 1010-இல் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயில். அதன் விமானம் 200 அடிக்கும் மேல் ஓங்கி நிற்பது. நெடுக்கில் வளர்ந்த ஒன்றை அடக்கக் கிடக்கையில் நீண்ட திரை எவ்வாறு உதவும்? விமானத்தின் உச்சியைக் காட்டக் காமிரா பின்வாங்கினால், இரு புறமும் வெற்று வெளி வந்து சேரும். முன்னேறினால் உச்சி அறுபடும். வில்லை அகலத்தைத் தந்ததேயன்றி உயரத்தைத் தரவில்லை. சோழர் கதையை இத்திரையில் சொல்ல வருவோர் எவரும் இக்கணக்கைத் தீர்த்தே ஆகவேண்டும்.

மறு ஆண்டில் தெலுங்கில் ‘அல்லூரி சீதாராம ராஜு’வும், 1978-இல் மலையாளத்தில் ‘தச்சோளி அம்பு’வும் இவ்வழியில் வந்தன. இங்கே ஒன்றை மறத்தலாகாது. காமிராவில் வில்லை இருந்தால் மட்டும் போதாது. படம் சென்று சேரும் ஒவ்வோர் ஊரிலும் புரொஜெக்டருக்கு ஒரு துணைவில்லையும் அகன்ற திரையும் வேண்டும். அவை இல்லாத கொட்டகையில் அப்படத்தைக் காட்டினால், மாமன்னரும் குச்சியாகத்தான் தோன்றுவார். புதுமையின் செலவு படம் எடுத்தவரோடு நிற்கவில்லை. சிற்றூர்க் கொட்டகைக்காரரின் தலையிலும் விழுந்தது.

இன்று திரையரங்குகளில் படச்சுருள் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆயினும் துணைவில்லை மறையவில்லை. கைப்பேசியின் சிறு கண்ணில் கவ்விக்கொள்ளும் வில்லைகள் கடைகளில் விற்கின்றன. அவற்றுள் கலீலியோவின் முறையும் உண்டு, கிரேத்தியனின் முறையும் உண்டு. வாங்குவோர் மூன்று எளிய செய்திகளை மனத்திற் கொள்வது நலம். துளையைச் சுருக்கும் வசதியுள்ள காமிராவாயின், 8 அல்லது 11 என்னும் எண்ணுக்குச் சுருக்கினால் ஓரங்கள் தெளிவடையும். நேர்க்கோடுகளை விளிம்பில் வைக்கலாகாது. யாருக்காகப் படம் எடுக்கிறோமோ அவரை நடுவில் நிறுத்த வேண்டும்.

மூன்றாவது செய்தியை நாம் காலம் கடந்தே கற்றோம். அப்பெரியவர் இப்போது இல்லை. பிரிவு நாளன்று அவரை எடுத்த படம் எங்களிடம் அது ஒன்றே. மந்திர் மார்க்கில் இப்போது யாரேனும் எம்மைப் படம் எடுக்கச் சொன்னால், முன்வில்லையைப் பொருத்துவதில்லை. சிகரம் விழாமற்போனாலும் போகட்டும் என்று, மூத்தவரைக் கைபற்றி நடுவே அழைத்து நிறுத்துகிறோம்.